ஆய்வு நாளில் காணாமல் போகும் பிள்ளைகள்

சுடலைமணிக்குக் கல்வித்துறை அதிகாரிகள் என்றாலே ஆகாது. தன் ஆட்டோவில் ஏறுகிற ஆள் அந்த வகை என்று தெரிந்தால் ஊர் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டான். இது நேற்று இன்று வந்த கோபமல்ல. நாலாம் வகுப்பில் ஏறியது, ஐம்பது வயது தாண்டியும் இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தால் வாத்தியார் வகுப்பை ஒரு தரம் சுற்றிப் பார்ப்பார். வாசிக்கத் தெரிந்தவன் முன் வரிசைக்கு வருவான். தட்டுத் தடுமாறுகிறவன் நடுவில் போவான். சுடலைமணி மாதிரி ஆட்களுக்கு, "ஏலே, நீங்கள்லாம் இன்னைக்கு இங்கன நிக்கப்படாது" என்று உத்தரவு. முதலில் அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. சிற்றாற்றில் கிடந்து ஆடினார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப் பாலத்தைக் கடக்கும்போது ஈரத் துணியோடு நின்று கும்பிடுகூடப் போட்டிருக்கிறான். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வயது ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்த மனுஷன் ஒரே ஒரு தரம் ஜீப்பை நிறுத்தி, பள்ளிக்கூட நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கலாம். வாத்தியாருக்கு நல்ல திட்டு விழுந்திருக்கும். அந்த ஆத்திரத்திலாவது அவர் நாலு எழுத்தை மண்டையில் ஏற்றியிருப்பார். கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு போயிற்று. பஸ்ஸை நிறத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வான். கடையை வாசலைப் பார்த்து. யாராவது காகிதத்தை நீட்டினால் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்பான். பெண்டாட்டிக்கே இது முழுசாகத் தெரியாது.

அப்படிப்பட்டவனின் வண்டிக்குத்தான் இராமலட்சுமி மேடம் வந்து சேர்ந்தார்.

அவர் வட்டாரக் கல்வி அலுவலர். ஒன்றியத்திலுள்ள தொடக்கப் பள்ளிகள், அவற்றின் தலைமை ஆசிரியர்கள், எல்லாம் அவர் பொறுப்பு. சொந்த ஊர் வீரகேரளம்புதூர். ஒரு காலத்தில் வயலும் கோயில் காரியமுமாக இருந்த குடும்பம், இப்போது இவருடைய சம்பளத்தில் நடக்கிறது. வந்த புதிதில் ஸ்கூட்டரில்தான் சுற்றினார். சாரல் பெய்த ரோட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் முட்டு போனது. அவர் பதவிக்கு ஜீப் கிடையாது. குத்துக்கல்வலசை ஆட்டோ ஸ்டாண்டில் அன்றைக்கு முதலில் நின்றது சுடலைமணி வண்டி. தினமும் வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பக்கத்து வண்டி மசூது, "வருவாரு மேடம், அண்ணாச்சிக்கு வீட்டுலயும் மதிப்பு கிடையாது, ஸ்டாண்டுலயும் கிடையாது, வேற எங்க போவாரு" என்று சிரித்தான். அந்த வீம்புக்குத்தான் சாவியைத் திருகினான்.

ஒரு நாள் போக வேண்டிய பள்ளிக்கூடத்தின் பெயரை மேடம் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் வண்டியை விட்டான். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எந்த ஊர், எந்தத் திருப்பம் என்று வாயாலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இவனுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஆடி மாசத்தில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். தலைமை ஆசிரியர் கௌரிசங்கர். கெட்ட மனுஷர் கிடையாது. பேச்சுக்காரர், சங்கத்தில் செல்வாக்குள்ளவர், பள்ளிக்கூடச் சுவருக்குத் தன் கையால் வர்ணம் அடித்தவர். மேடம் வருவது அவருக்குக் காலையிலேயே தெரியும். இந்த ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சேதி போய்விடும்.

வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணீரென்று வாசித்தார்கள். மேடம் தலையாட்டிக் கேட்டார். வெளியே வந்தவர் கிளம்பவில்லை. வேப்பமரத்து நிழலில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கௌரிசங்கர் டீ வரவழைக்கட்டுமா என்றார். இளநீர் வெட்டட்டுமா என்றார். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, இந்த நேரத்துக்குப் போனால் கூட்டம் இருக்காது என்றும் சொல்லிப் பார்த்தார். மேடம் சத்துணவுக் கூடத்து அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சோறு மிக அதிகம். சமையலம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்தது. பின்சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சூரியகாந்திக் காட்டில் பூப் பார்க்க வந்த கேரளத்து வேன்காரர்கள் போட்டோ எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், யூனிபார்மோடு, தட்டோடு, வரிசையாகச் சுவரேறிக் குதித்தார்கள். வெளியே போகச் சொன்ன சார் சோற்றுக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லையே. பசி நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

சுடலைமணி ஆட்டோவுக்குள் இருந்து பார்த்தான். சிற்றாற்றங்கரையில் ஈரத் துணியோடு நின்ற கூட்டம்தான் இது. நாற்பது வருஷத்தில் ஒரு மயிரும் மாறவில்லை என்று நினைத்தான். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தாலும் அதே கதைதான். பீடி சுற்றுகிற வீடு, செங்கல் சூளைக்குப் போகிற வீடு, அப்பன் வெளியூரில் கிடக்கிற வீடு. ஏன் என்று வந்து கேட்க ஆள் இல்லாத வீடு.

மேடம் சத்தம் போடவில்லை. ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையில் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தது மஞ்சு என்ற ஐந்தாம் வகுப்புப் பெண். சுவரில் எழுதியிருந்த அன்றைய சாப்பாட்டின் பெயரைக் காட்டி வாசிக்கச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது டீச்சர். வாசிக்கத் தெரியாத பிள்ளையெல்லாம் இன்னைக்கு வெளிய நிக்கணும்னு சார் சொன்னாவ."

கோள் சொல்லுகிற தோரணையே அதில் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, நாளைக்குச் சனிக்கிழமை என்பதுபோலச் சொன்னாள். கௌரிசங்கர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

திரும்பி வரும்போது சுடலைமணியால் அடக்க முடியவில்லை. முதல் தடவையாக மேடத்திடம் தானாகப் பேசினான். மெமோ கொடுங்கள், வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று கத்தினான்.

"மெமோ குடுத்தா அடுத்த தடவை சோத்துக்கும் வரக் கூடாதுன்னு சொல்லிருவாங்க அண்ணாச்சி."

பிறகு மேடம் தனக்குள் பேசுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். கௌரிசங்கர் பயப்படுவது மேடத்துக்கு. மேடம் பயப்படுவது தனக்கு மேலே இருப்பவர்களுக்கு. எல்லாருடைய பயமும் சேர்ந்து கடைசியில் அந்தப் பிள்ளைகளைத்தான் சுவருக்கு வெளியே தள்ளுகிறது. தலைமை ஆசிரியர்களுக்கு அந்தப் பயம் போகாமல் பிள்ளைக்கு எழுத்து வராது என்றார். சுடலைமணிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நாற்பது வருஷத்தில் ஒரு அதிகாரியாவது அந்தப் பிள்ளைகள் வரும்வரை காத்திருந்தார். அன்றைக்கு அவரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

மாசத்துக்கு ஒரு முறை தலைமை ஆசிரியர்கள் கூட்டம் நடக்கும். அதுவரை அதில் நடந்தது புள்ளிவிவரக் கணக்கும் டீயும் வடையும்தான். மேடம் அதை மாற்றினார். ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் தன் பள்ளியில் வாசிக்க வராத ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வந்ததும் பிள்ளைகளை மாற்றிவிடுவார். இவர் பள்ளிப் பிள்ளைக்கு அவர், அவர் பள்ளிப் பிள்ளைக்கு இவர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். தன் பிள்ளைக்கு எழுத்து வராதது அவமானம், ஒளிக்கத் தோன்றும். அடுத்தவன் பிள்ளைக்கு வராததில் என்ன அவமானம் என்பது அவர் கணக்கு.

முதல் கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. கௌரிசங்கர் எழுந்து, "மேடம், பென்ஷன் வாங்கப் போற வயசுல எங்கள ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் ஆக்குதியளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"உக்காருங்க சார், பிள்ளை காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் மேடம்.

அவருக்கு வாய்த்தவன் ஒரு சூளை வீட்டுப் பையன். 'ப'வுக்கும் 'ய'வுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கௌரிசங்கர் சொல்லிப் பார்த்தார், வரைந்து பார்த்தார், வேர்த்துப் போனார். கடைசியில் பொறுக்க முடியாமல், இத்தனை வருஷம் இவனுக்கு என்னத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். அந்தப் பையனின் தலைமை ஆசிரியர் அடுத்த பெஞ்சில்தான் இருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது கௌரிசங்கர் கூட்டிவந்த மஞ்சு. நானும் அதைத்தான் கேட்கலாம் என்று இருந்தேன் என்றார் அவர். கௌரிசங்கர் குனிந்து 'ப'வை மறுபடி வரைந்தார். மறுநாள் முதல் பள்ளிக்கூடம் விட்ட பின்னும் மஞ்சுவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார் என்று சமையலம்மா வந்து சொன்னாள்.

கூட்ட நாட்களில் மஞ்சுவையும் அவள் அம்மா ஆவுடைத்தாயையும் சுடலைமணிதான் ஏற்றிக்கொண்டு வருவான். ஆவுடைத்தாய் ஒரு நாள் பீடிக்கூலி போகிறதே என்று புலம்பிக்கொண்டே வருவாள். மஞ்சு கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியிலுள்ள போர்டுகளை எழுத்துக் கூட்டுவாள். ஒரு நாள் பாதியில் தடுக்கி, "ஆட்டோ மாமா, அது என்ன எழுத்து" என்று கேட்டாள். வண்டி ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதட்டி என்று அதட்டிவிட்டான். அன்றைக்கு முழுக்க அந்த எழுத்து அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்புறம்தான் அந்தத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கவைத்துப் பார்ப்பார்கள், அதை வைத்து ஒன்றியங்களுக்கு வரிசை போடுவார்கள் என்று அறிவிப்பு. வரிசையில் கீழே போனால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று மேலேயிருந்து போன். வழக்கமான ஏற்பாட்டைச் செய்துவிடலாமா என்று தலைமை ஆசிரியர்கள் சாடையாகக் கேட்டார்கள். ஒரு பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாது, வருகிற பழி தன்னோடு இருக்கட்டும் என்றார் மேடம். கௌரிசங்கர்தான் முதலில் சரி என்றார். மஞ்சு வாசிப்பாள் மேடம், பாருங்கள் என்றார்.

தேர்வு நாளன்று மேடம் கௌரிசங்கர் பள்ளிக்கூடத்துக்கே போனார். சுடலைமணியும் இறங்கி ஜன்னலோரம் நின்றான். வந்திருந்த இளைஞர் செல்போனில் ஒரு பாராவைக் காட்டி வாசி என்றார். மஞ்சு விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். செல்போனுக்குள் கடிகாரம் ஓடுவது அவளுக்குத் தெரியாது. முதல் வரி முடிவதற்குள் அது கூவியது. இளைஞர் எதையோ அமுக்கிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். மஞ்சு நிறுத்தவில்லை. செல்போன் போன திசைக்குக் கழுத்தை நீட்டி, நினைவில் நின்றதை வைத்து அந்த வரியை முடித்தாள். முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கௌரிசங்கரைப் பார்த்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

வரிசையில் அவர்கள் ஒன்றியம் கடைசியாக நின்றது. மற்ற ஊர்களில் அன்றைக்குக் குளத்தங்கரையிலும் அருவிப் பாதையிலும் எத்தனை யூனிபார்ம் சுற்றியது என்று சவாரிக்குப் போய் வந்த மசூது சொன்னான். அதைக் கணக்கில் எடுக்க யாருக்கு வேண்டியிருக்கிறது? பெரிய கூட்டத்தில் மேடத்தை எழுப்பி நிறுத்தி, மற்றவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டார்களாம். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் இருந்தார்கள் என்று சொன்னாராம். அவரவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இதை மேடம் வண்டியில் சொன்னபோது அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மெமோ கௌரிசங்கருக்கு வந்தது. ஆபீஸ் வாசலில், ஆட்டோவை மறித்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருசம் ஒளிச்சு வச்சேன் மேடம், ஒருத்தன் கேக்கல. ஒரே ஒரு நாள் காட்டினேன், மெமோ வந்துட்டு. எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு. இனி என்னய விட்டுருங்க."

மேடம் கைகூப்பினார். அவ்வளவுதான் முடிந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பிள்ளையோடு வந்தவர்கள் மூன்று பேரோ நாலு பேரோ. அதற்கு அடுத்த கூட்டமே நடக்கவில்லை. நிர்வாக நலன் கருதி மேடத்தைக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றி உத்தரவு வந்துவிட்டது.

உத்தரவு வந்த வாரம் மறு ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். சுடலைமணி வேறு சவாரியாகச் சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் போனான். பூவெல்லாம் அறுத்துவிட்ட சூரியகாந்திக் காட்டில், காய்ந்த தட்டைகளுக்கு நடுவே யூனிபார்மோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. மஞ்சு. வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிப் போய், பள்ளிக்கூட நேரத்துல இங்கன என்னட்டி பண்ணுதே என்று கேட்டான். இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

"நான் நல்லா வாசிக்காததாலதான் டீச்சர தூரமா மாத்திட்டாவளாம். கிளாஸ்ல எல்லாரும் சொல்லுதாவ. சார் போகச் சொல்லல மாமா, நானேதான் வந்துட்டேன்."

ஏறு, கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அவள் தட்டைகளுக்குள் இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சவாரிக்காரர் வண்டியில் இருந்து கத்தினார். சுடலைமணி திரும்பி வந்து வண்டியை எடுத்தான். அதற்குப் பிறகு மஞ்சு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை என்று சமையலம்மா சொன்னாள்.

கிளம்புகிற நாளன்று பெட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு மேடம் முதலில் அந்த வீட்டுக்குத்தான் விடச் சொன்னார். ஒற்றை அறை வீடு, முன்னால் தகரச் சார்ப்பு. ஆவுடைத்தாய் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சு கத்தரிக்கோலால் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே வெட்டினாள், வேகமாக. இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. ஆவுடைத்தாய் எழுந்து, உக்காருங்க டீச்சர் என்று பாயைத் தட்டிப் போட்டாள். அவ பள்ளிக்கூடம் வர மாட்டேங்கா, அடிச்சும் பார்த்துட்டேன் என்றாள்.

மேடம் முட்டு வலியோடு மஞ்சு எதிரில் உட்கார்ந்து, உன்னால இல்லம்மா என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். பெரியவர்கள் தப்பு, கடிகாரத்தின் தப்பு, நீ வாசித்தாய், நான் கேட்டேன் என்றார். மஞ்சு நிமிரவில்லை. கத்தரி நிற்கவில்லை. பிறகு சட்டென்று எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேடம் கதவருகில் நெடுநேரம் நின்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். சுடலைமணி பெட்டியைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்தான். அந்தப் பிள்ளைக்கு இனி யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவனுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் தனக்கே அழுகை வந்துவிடும் என்று பயந்து, ஜன்னல் பக்கம் வந்து நின்று டயரைப் பார்த்தான். மேடம் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லாதிய. சொல்லிக் குடுக்க வாரேன்னு யாரு போனாலும் அவ கதவச் சாத்திருவா. நீங்க போங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுட்டி, நீ தெரிஞ்ச மட்டும் எனக்குச் சொல்லிக் குடுன்னு அவகிட்ட கேளுங்க. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். ஆனா கேளுங்க. நாளைக்கே போய்க் கேளுங்க."